திரும்பிய பின்னும் மின்னிய விளக்கு



மாருதி 800 கார் 1983 முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்று இன்றும் என் ஊழியப் பயணத்திற்கு உதவுகிறது. அண்மையில் திருவனந்தபுரம் கரமனையில் வலப்புறம் திரும்பினேன். அதன் பின்னும் இண்டிகேட்டர் அணையவில்லை. நான் மறுபடியும் வலப்புறமே திரும்புவேன் என நம்பி, ஒரு சகோதரர் இருசக்கர வாகனத்தில் இடப்பக்கமாக முந்தினார். நானோ இடப்பக்கம் ஒதுங்கினேன். கர்த்தருடைய கிருபையால் அவர் தப்பினார்.

மெக்கானிக் பேட்டரி இணைப்பை நீக்கி, ஸ்டீயரிங்கைக் கழற்றிக் காட்டினார். ஸ்டீயரிங் நேராகும்போது இண்டிகேட்டர் கம்பியைத் தட்டி நடுவுக்குக் கொண்டுவரும் சிறு பிளாஸ்டிக் பல் தேய்ந்துபோயிருந்தது. பல்பும் ஃபிளாஷரும் நன்றாகவே இருந்தன. ஸ்விட்ச்சையே மாற்ற வேண்டியதாயிற்று.

அப்பொழுது என் இருதயம் குத்தப்பட்டது. சாலை பஜாரில் கூலி வேலை செய்யும் ஒரு சகோதரியிடம், சனிக்கிழமை வீட்டிற்கு வந்து ஜெபிப்பதாகச் சொல்லியிருந்தேன். என் பயணம் மாறிற்று; அதை அவருக்கு அறிவிக்கவில்லை. அவரோ ஒரு நாள் கூலியை இழந்து காத்திருந்தார்.

பிரியமானவர்களே, விளக்கு பிரகாசமாகவே மின்னியது. ஆனால் அது சொன்னது பொய். நம் வாக்கு அப்படி இருக்கலாகாது என்பதையே மத்தேயு 5:37 போதிக்கிறது. பண்டிகைக்கு வருவதாகச் சொல்லி, ஊரில் தாயைக் காத்திருக்கச் செய்தவர் உங்களில் உண்டோ? வர இயலாவிடில் இன்றே தெரிவியுங்கள். நானும் அந்தச் சகோதரியின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

கர்த்தர்தாமே நம் நாவைக் காப்பாராக. ஆமென்.