புகையானுக்கு ட்ரோன் போதுமா?

ஆசிரியருக்கு,

சம்பா தொண்டைக்கதிரில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால், முழங்கால் சேற்றில் டேங்க் சுமந்து மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை. ட்ரோன் ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. மருந்து நெடி ஆளின் மூக்கில் ஏறுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் நன்மை.

ஆனால் எல்லாப் பூச்சிக்கும் அது சரிப்படாது. இலைச்சுருட்டுப்புழு மேலே இருக்கிறது, மருந்து படும். புகையானோ தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக ஒட்டியிருக்கும். கைத்தெளிப்பான் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் கேட்கிற இடத்தில் ட்ரோன் 10 லிட்டரோடு முடிக்கிறது. அடர்ந்த பயிரில் அந்தத் துளி தூர்வரை இறங்குவது கடினம். பயிரை விலக்கி, அடித்தூரில் படும்படி கையால் அடிப்பதே நல்லது. இன்னொன்று, குறுவையில் ட்ரோனில் களைக்கொல்லி அடிக்கும்போது காற்றைப் பார்க்காவிட்டால், பக்கத்து வயல் பருத்தி இலை சுருண்டுபோகும்.

'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. மிக நல்ல திட்டம். அதில் தரும் பயிற்சியில் பூச்சி, காற்று பற்றிய பாடத்தை வயலில் இறங்கி, தூரைக் காட்டியே நடத்த வேண்டும் என்று வேளாண் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு விவசாயி,
மன்னார்குடி