பந்தயக் குதிரைக்குக் கொள்ளு வைப்பது யார்?

பிப்ரவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மும்பை மகாலட்சுமி மைதானத்தில் இந்தியன் டெர்பி ஓடுவது வழக்கம். 1943-ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் பந்தயம் அது. மறுநாள் பத்திரிகைகளில், வென்ற குதிரையின் சொந்தக்காரர் கோப்பையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் படம் வரும். படத்தைப் பார்க்கிறவர்கள், "குதிரை வைத்திருந்தால் கொள்ளை லாபம் போலிருக்கிறது" என்று எண்ணிக் கொள்கிறார்கள்.

உண்மை நேர்மாறானது. பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது நஷ்டக் கணக்கு. குட்டி வளர்த்து விற்கும் பண்ணைக்காரருக்கும் அது நிச்சயமில்லாத தொழில். அப்படியானால் இத்தனை குதிரைகளுக்கும் கொள்ளு வைப்பது யார்? டோட் ஜன்னலில் வரிசையில் நின்று பணம் கட்டும் சாதாரண மனிதர்தான். அவர் கட்டும் அந்தப் பணத்தின் மீது 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. ஜன்னலில் விழுந்த அடி பண்ணை வரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம்.

சுமைகூலி முக்கால் பணம்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் பழமொழி. பந்தயக் குதிரைக்கு இது நன்றாகப் பொருந்தும். ஏலத்தில் குதிரை வாங்குவது ஒரு தடவைச் செலவு. அதன் பிறகு மாதாமாதம் டிரெய்னருக்குக் கட்டணம், ஓட்ஸ், புல், லாடம், வைத்தியர், போக்குவரத்து என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். குதிரை ஓடினாலும் செலவு. கால் வீங்கி லாயத்தில் நின்றாலும் அதே செலவு.

வரவைப் பாருங்கள். ஒரு ரேசில் பத்துக் குதிரைகள் ஓடினால் ஜெயிப்பது ஒன்று. முதல் நாலைந்து இடங்களுக்குத்தான் பரிசுப் பணம் உண்டு. அதிலும் டிரெய்னருக்கும் ஜாக்கிக்கும் பங்கு போக வேண்டும். எல்லாச் சொந்தக்காரர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், வருடம் முழுவதும் கிளப் கொடுக்கும் பரிசுத் தொகைக்கு மேல் ஒரு காசு கூட அவர்களுக்குக் கிடைக்க வழியில்லை. குதிரைகளைப் பராமரிக்கும் மொத்தச் செலவோ அந்தத் தொகையைத் தாண்டி நிற்கிறது. ஆகவே சிலர் சம்பாதித்தால் பலர் இழந்துதான் ஆக வேண்டும்.

இது சர்க்காருக்கும் தெரிந்த விஷயம். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 74-ஏ என்ற பிரிவு இதற்கென்றே வைக்கப்பட்டது. பந்தயக் குதிரை வைத்திருப்பதால் வரும் நஷ்டத்தை வேறு வியாபார லாபத்தில் கழிக்க முடியாது. பந்தயக் குதிரை வருமானத்தில் மட்டுமே, அதுவும் நான்கு வருடத்துக்குள் கழித்துக்கொள்ளலாம் என்று அது விதித்தது. இல்லாவிட்டால் பணக்காரர்கள் குதிரையைக் காட்டி வரியிலிருந்து தப்பித்துக் கொள்வார்கள் என்று சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் ஐநூறுக்கும் மேற்பட்ட கிளாசிக் பந்தயங்களை வென்றன. அவர் தொழிலதிபர். அப்படிப்பட்டவர்களுக்கு வருமானம் வேறு இடத்திலிருந்து வருகிறது. குதிரை அவர்களுக்கு கௌரவம், ஆசை.

மூன்று வருடக் காத்திருப்பு

இனி பண்ணைக்காரரின் கணக்கு. பெண் குதிரை சினையாகி ஈன்றெடுக்கச் சுமார் பதினொரு மாதம் ஆகும். வருடத்துக்கு ஒரே குட்டி. கறவை மாடுகளுக்குச் செய்வது போல் ஊசி மூலம் சினைப்படுத்த இங்கே அனுமதியில்லை. பொலிகுதிரையுடன் நேரில் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் உலகெங்கும் உயர்ஜாதிப் பந்தயக் குதிரையாகப் பதிவு செய்வார்கள். இதனால் பெயர் பெற்ற பொலிகுதிரையின் கட்டணம் எப்போதும் ஏறியே நிற்கிறது. நார்தர்ன் டான்சர் என்ற பொலிகுதிரையிடம் ஒரு பெண் குதிரையை ஒரு தடவை சேர்க்க 1980-களில் பத்து லட்சம் டாலர் வரை கொடுத்தார்கள். சினை பிடிக்கும் என்ற உத்தரவாதம் கூட அதில் கிடையாது.

இந்தியாவில் குட்டிகள் பெரும்பாலும் இரண்டு வயதில் விற்பனைக்கு வருகின்றன. குட்டி எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி முதல் தேதியில் ஒரு வயது கூடிவிடும். ஆகவே 2026 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த குட்டி 2024-ல் பிறந்தது. 2023-ல் தாய் வயிற்றில் விழுந்தது. பண்ணைக்காரர் முதல் போட்டபோது இருந்த வரி வேறு. விற்கும்போது இருந்த வரி வேறு. நெல்லோ கரும்போ என்றால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். குதிரையை அப்படி மாற்ற முடியாது.

குட்டியின் தரமும் விலையைக் கொண்டு தெரிவதில்லை. அமெரிக்காவில் 1975-ல் 17,500 டாலருக்கு ஏலம் போன சியாட்டில் ஸ்லூ, 1977-ல் அந்நாட்டின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. அதே நாட்டில் 2006-ல் ஒரு கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட கிரீன் மங்கி மூன்று தடவை மட்டுமே ஓடியது. ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. அது சம்பாதித்தது மொத்தம் 10,440 டாலர்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பார்கள். பந்தயக் குதிரைக்கு அந்தப் பெருமை கிடையாது. ஓட்டம் நின்றால் அதன் விலை சரிந்துவிடும். ஆனால் ஒரு பண்ணையில் கழித்த குதிரைகளால் ஒரு பெரிய தொழிலே பிறந்த கதையும் உண்டு. 1946-ல் தொடங்கிய புனே பூனாவாலா பண்ணை, ஓய்வு பெற்ற குதிரைகளை மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்துக்குக் கொடுத்து வந்தது. குதிரையின் ரத்தத்திலிருந்து அங்கே விஷமுறிவு மருந்து தயாரித்தார்கள். அந்த மருந்தை நாமே ஏன் செய்யக்கூடாது என்று யோசித்த சைரஸ் பூனாவாலா, 1966-ல் சீரம் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகின் மிகப் பெரிய தடுப்பூசி உற்பத்தியாளர்களில் அது ஒன்று. குடும்பத்தின் பெரும் செல்வம் குவிந்தது ரேஸ் மைதானத்தில் அல்ல, மருந்துச் சாலையில்தான்.

பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது?

கிளப் கொடுக்கும் பரிசுப் பணம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. சொந்தக்காரர்கள் கட்டும் நுழைவுக் கட்டணமும் விளம்பரதாரர்களின் உதவியும் கொஞ்சம். பெரும்பகுதி பந்தயம் கட்டுகிறவர்களிடமிருந்து வருகிறது. டோட்டில் சேரும் பணத்தில் கிளப் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. லைசென்ஸ் பெற்ற புக்கிகளும் கிளப்புக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். அந்தப் பணத்தில் பரிசு. பரிசை நம்பிச் சொந்தக்காரர். சொந்தக்காரரை நம்பிப் பண்ணை. ஜன்னலில் வரவு குறைந்தால் பரிசு குறையும். பரிசு குறைந்தால் ஏலத்தில் கை தூக்க ஆளிராது. ஏலம் படுத்தால் பண்ணையில் பெண் குதிரைகளைக் குறைப்பார்கள்.

28 போய் 40

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ரேசுக்கு 28 சதவீதம் என்று வைத்தார்கள். எதன் மீது 28 சதவீதம் என்பதுதான் வழக்கு. "எங்கள் சேவைக்குக் கூலி கமிஷன்; அதன் மீது வரி போடுங்கள்" என்றன கிளப்புகள். 2018 ஜனவரியில் வந்த விதியோ, கட்டும் பணம் முழுவதன் மீதும் வரி என்றது. 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. பிறகு சட்டத்தையே திருத்தி, 2023 அக்டோபர் முதல் முழுத் தொகைக்கும் வரி என்று உறுதி செய்தார்கள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. லாட்டரி, காசினோ ஆகியவற்றோடு ரேசும் ஒரே பட்டியலில் சேர்ந்தது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். பத்துப் பேர் ஆளுக்கு 140 ரூபாய் வீதம் 1,400 ரூபாய் கொண்டு வருகிறார்கள். வரி 400 போக மிச்சம் 1,000. கிளப் கமிஷன் பத்து சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஜெயித்தவர்களுக்குத் திரும்பி வருவது 900. அந்த 900-ஐ அப்படியே அடுத்த ரேசில் கட்டினால் 579 ஆகும். மூன்றாவது ரேஸ் முடிந்ததும் கையில் 372 ரூபாய்தான். குதிரை எதுவும் தோற்க வேண்டியதில்லை. பணம் தானே கரைந்துவிடும். வரியும் அந்தக் கமிஷனுக்குள்ளேயே அடங்கியிருந்தால், அதே மூன்று ரேசுக்குப் பின் 1,020 ரூபாய் மிஞ்சியிருக்கும். போதாததற்கு, ஜெயித்த பணத்தின் மீது 30 சதவீத வருமான வரி வேறு. குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதை இதுதான்.

"நல்லதுதானே, சூதாட்டம் ஒழியட்டும்" என்று சொல்லலாம். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ரேசில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு மாதக் கடைசியில் கைமாற்றுக்கு அலைந்தவர்களை நாம் அறிவோம். ஆனால் வரி ஏறினால் ஆசை ஒழிவதில்லை. டோட்டுக்குப் போகிறவர், போனில் பந்தயம் வாங்கும் திருட்டு புக்கியிடம் போகிறார். அங்கே வரியும் இல்லை, ரசீதும் இல்லை. ஏமாற்றினால் புகார் கொடுக்கவும் இடமில்லை. அங்கே போகும் பணத்திலிருந்து சர்க்காருக்கும் பைசா வராது, லாயத்துக்கும் வராது.

இதில் இன்னொரு விசித்திரம் உண்டு. 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டு வந்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் "குதிரைப் பந்தயம் திறமையை ஆதாரமாகக் கொண்டது, வெறும் சூதாட்டம் அல்ல" என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சூதாட்டம் அல்ல என்று சொன்னதற்கு, வரிச் சட்டம் சூதாட்டத்துக்குரிய விகிதத்தைப் போடுகிறது.

நிலமும் கைவிட்டுப் போகிறது

கிளப்புகள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு மற்றொரு காரணம், நகரத்தின் நடுவே குறைந்த வாடகையில் கிடைத்த நிலம். சென்னை கிண்டியில் சுமார் 160 ஏக்கருக்கு வருட வாடகை 614 ரூபாய் சொச்சம் என்று 1940-களில் குத்தகை எழுதினார்கள். வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்று கணக்குக் காட்டிய தமிழக அரசு, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுக்க இறங்கியது. அதே ஆண்டு ஜூனில் ஊட்டி மைதானத்தையும் எடுத்துக்கொண்டது. மகாலட்சுமியில் குத்தகை 2013-லேயே முடிந்திருந்தது. 2024-ல் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி 211 ஏக்கரில் 120 ஏக்கர் பூங்காவுக்காக மாநகராட்சிக்குப் போயிற்று. 91 ஏக்கர் கிளப்புக்கு.

நெரிசலில் மூச்சுத் திணறும் மும்பை மக்களுக்குப் பூங்கா வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தாராவியில் ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கு, 160 ஏக்கருக்கு 614 ரூபாய் வாடகை என்பது எரிச்சலைத்தான் தரும். மலிவு நிலம் என்ற அந்தப் பழைய சலுகை முடிந்தது நியாயமே. ஆனால் நிலச் சலுகையும் போய், வரியும் ஏறும்போது, இரண்டு அடியும் சேர்ந்து விழுகிறது.

லாயத்தில் இருப்பவர்

அடி யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர் ஒரு குதிரையைக் குறைத்துக்கொள்வார். அவருக்கு வேறு தொழில் இருக்கிறது. குறைகிற குதிரையோடு சேர்ந்து வேலை இழப்பவர் சைஸ். விடியற்காலையில் எழுந்து, குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, நடத்திக் கூட்டி வந்து, ராத்திரி அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்பவர் அவர். லாடம் அடிப்பவர், சவாரிப் பையன், புல் கொண்டு வருபவர் எல்லோரும் அவருக்கு அடுத்த வரிசையில் நிற்கிறார்கள். கிண்டி லாயங்களில் இந்த வேலையைத் தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொண்ட குடும்பங்கள் உண்டு. குதிரையைத் தவிர வேறு தொழில் அறியாதவர்கள் அவர்கள்.

சர்க்காரின் நோக்கம் எது என்று முதலில் தெளிவாக வேண்டும். ரேஸை ஒழிப்பது நோக்கமானால், நேராகச் சொல்லி, லாயத்துத் தொழிலாளருக்கு நஷ்டஈடும் மாற்று வேலையும் கொடுத்துவிட்டு ஒழிக்கட்டும். வருமானம் நோக்கமானால், கிளப்பின் கமிஷன் மீது எவ்வளவு உயர்ந்த வரியானாலும் போடட்டும். கட்டும் பணம் முழுவதன் மீதும் போட்டு ஆட்களைத் திருட்டு புக்கியிடம் துரத்த வேண்டாம். லைசென்ஸ் கொடுக்கும்போது ஒவ்வொரு சைஸுக்கும் பிராவிடண்ட் பண்டும் இ.எஸ்.ஐ.யும் உண்டா என்று பார்த்துக் கொடுக்கட்டும்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. குதிரை வைத்திருக்கும் கோடீஸ்வரரே அதில் லாபம் காணவில்லை. அவர் இழப்பது உபரிப் பணம்; நாம் இழப்பது ஊருக்கு அனுப்ப வேண்டிய மணியார்டர் பணம். நாற்பது ரூபாய் வரியைக் கட்டிவிட்டு ஜெயிக்கலாம் என்று மகாலட்சுமிக்கு ரயில் ஏறுகிறவர், கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு ஏறட்டும்.