மலைக்கும் மூச்சு முட்டும்!

கோடை லீவு வந்தாலே 'ஊட்டி போலாமா?' என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால், மலை மேலே காரில்தான் போகணுமா?

வாகன நெரிசல் தாங்காமல்தான், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் போட்டார்கள். நல்லதுதான். ஆனாலும், குன்னூர் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்தால், எஸ்டேட்டிலிருந்து பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணும் அதே வரிசையில்தானே காத்திருக்கணும்? ஒதுங்கி வழிவிட மலையில் இடமேது?

கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறும் வண்டிகளின் புகை ஆஸ்துமாக்காரர்களை வாட்டும். சுத்தமான காற்றைத் தேடிப் போகும் நாமே அதைக் கெடுக்கலாமா?

காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள். அதற்கு இ-பாஸ் வேண்டாம். அரசும் அடிவாரத்தில் போதுமான பார்க்கிங் வசதியும், கூடுதல் பஸ்களும் தரட்டும். வண்டிகளைத் தடுத்தால் மட்டும் போதுமா? ஏறிப் போக பஸ் வேண்டாமா?

ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் போனால் பத்துப் பன்னிரண்டு கார்கள் குறையும். அந்த இடைவெளியில் ஓர் ஆம்புலன்ஸ் முந்திப் போகும்!