மாற்றல் உத்தரவும் ஒரு நாயும்

தில்லியில் நெடுநாளாய் வசித்துவரும் சங்க அன்பர் ஒருவர், தம் குழந்தைகள் நாய் வேண்டுமென்று பிடிவாதம் செய்வதாகவும், விலை கொடுத்துச் சீமை ஜாதி நாய் வாங்குவதா, காப்பகத்திலிருந்து ஒன்றை எடுத்து வளர்ப்பதா என்றும் கேட்டு நமக்கு எழுதியிருக்கிறார். காப்பகத்து நாயையே எடுங்கள் என்று ஒரு வரியில் விடையளித்துவிடலாம். ஆனால் அதற்குமுன் அன்பர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாற்றல் வந்தால் நாயை எப்படி அழைத்துச் செல்வது? இதை நாம் கற்ற விதத்தைச் சொல்லுகிறோம்.

நமது குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. தெருவில் கிடந்த செம்பட்டைக் குட்டியொன்றை எடுத்துப் பாற்சோறு ஊட்டி வளர்த்தார்கள். பல ஆண்டுகள் விண்ணப்பித்துக் காத்திருந்த பின் ஊர்ப்பக்கம் மாற்றல் கிடைத்தது. மூட்டை கட்டும் அமளியில், "நாயை என்ன செய்யப் போகிறீர்கள், ஸார்?" என்று கேட்டோம். "தெருவிலே பிறந்ததுதானே ஸார், பிழைத்துக்கொள்ளும்" என்றார். நாமும் வாயை மூடிக்கொண்டோம். அன்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அது பிழைத்துக்கொள்ளவில்லை. தெருநாய்கள் அதனைத் தம் கூட்டத்தில் சேர்க்கவில்லை. பூட்டிய கதவின் முன்னேயே கிடந்தது. நாம் வைத்த ரொட்டியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புதிதாய்க் குடிவந்தவர்கள் காப்பகத்துக்குச் சொல்லி அனுப்பி, அதனை அகற்றச் செய்தார்கள்.

இரண்டு மாதம் சென்றது. நமது சகதர்மிணியின் நச்சரிப்புப் பொறுக்காமல், ஒரு ஞாயிறன்று இருவருமாய்க் காப்பகம் சென்றோம். அங்கிருந்த சிப்பந்தி நல்ல மனிதர். "அதற்குக் காது கேளாது, பாபுஜி. எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பாது. வேறு நாய் பாருங்கள்" என்று இந்தியில் சொன்னார். அது மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. நமது இல்லாள் கம்பியருகே குத்துக்காலிட்டு அமர்ந்து, "என்னடி கண்ணு, சாப்பிட்டியா?" என்றாள்.

முதலில் ஒரு காது நிமிர்ந்தது. பிறகு உடல் முழுதும் நடுங்க எழுந்து வந்தது. "அட, மதராஸி நாய்!" என்றார் சிப்பந்தி. நமக்குச் சிரிப்பும் வரவில்லை.

கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் அங்கேயே ஆகியிருந்தன. அதற்கு அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு. படிவத்தில் கையெழுத்திட்டு அழைத்து வந்தோம். ஒரு வாரம் கட்டிலடியை விட்டு வெளிவரவில்லை. இவ்விஷயத்தில் அவசரம் உதவாது.

நாயைக் கைவிடுவது குற்றமென்பதைப் பலர் அறியார். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் முயன்றதன் பயனாய் 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பசி தாகத்தால் வாடும் நிலையில் பிராணியை விட்டுச் செல்வதை அது தண்டனைக்குரியதாக்கிற்று. ஆயினும் முதற்குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான்! 2025 ஆகஸ்ட் 22 அன்று சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவு, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கலாமென்றும், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வாராமற் காப்பது அவர் பொறுப்பென்றும் கூறிற்று.

நாயை ரயிலில் கொண்டுபோக இயலாதென்று ரயில்வே உத்தியோகஸ்தரே எண்ணியிருப்பதுதான் வியப்பு. முதல் வகுப்பில் இருவருக்கான கூப்பேயையோ நால்வருக்கான அறையையோ முழுவதும் தமக்கென ஒதுக்கிக்கொண்டால் உடன் வைத்துக்கொள்ளலாம். மற்ற வகுப்புப் பெட்டிகளில் அனுமதி இல்லை. நம்மைப் போன்ற எழுத்தர்கள் அச்செலவுக்கு எங்கே போவது? நமக்கு உரியது கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டிதான். (கார்டு என்ற பெயரை 2022-இல் ரயில் மேலாளர் என்று மாற்றிவிட்டார்கள், நமது நாக்கு இன்னும் பழகவில்லை.) முன்கூட்டியே பார்சல் அலுவலகம் சென்று, மிருக வைத்தியரின் சான்றும் தடுப்பூசிச் சீட்டும் காட்டி, கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும். உணவும் நீரும் கொடுப்பது உடையவர் பொறுப்பு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் ஓடுகிறது. போபாலிலும் நாகபுரியிலும் விஜயவாடாவிலும் நிற்கும்போது செம்பில் நீருடன் கார்டு வண்டிக்கு ஓடத்தான் வேண்டும். கோடையில் அப்பெட்டி கொதிக்கும், குளிர்காலமே உத்தமம்.

நமது வீட்டில் யாரேனும் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினால், அது வாசற்படியின் குறுக்கே போய்ப் படுத்துக்கொள்ளுகிறது. நமது மாற்றல் விண்ணப்பமும் மேலதிகாரியின் மேஜையில் இருக்கிறது. நாய்ப்பெட்டியின் நீள அகலத்தை அளந்து வருமாறு பார்சல் அலுவலக நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.