நேற்றே விட்டாகிவிட்ட வீடு

போர்டு இன்னும் அந்த கேட்டில்தான் தொங்குகிறது. போன வாரம் உள்ளே போய்ப் பார்த்தேன். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், பைக் நிறுத்தும் இடம் எல்லாம் பேசி முடித்தோம். கிளம்பும்போது வீட்டுக்காரர் பெயர் கேட்டார். சொன்னேன். முஸ்லிம் பெயர். "வீட்ல கலந்துட்டுச் சொல்றேன் தம்பி" என்றார். மறுநாள் போன் செய்தால், "சாரி தம்பி, நேத்தே விட்டாச்சு."

சென்னையில் இந்தக் கோடையில் இது ஐந்தாவது வீடு. ஒரு வீட்டில் கறி சமைப்பீர்களா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், "உங்க ஆளுங்களுக்கு விடறதில்லைங்க" என்று நேராகவே சொன்னார்கள். என் மனைவி இப்போதெல்லாம் வீடு பார்க்க வருவதில்லை.

"சும்மா விடாதே, கேஸ் போடு" என்கிறார்கள் நண்பர்கள். யார் மீது, எந்தப் பிரிவில்? தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவை எடுத்துக் காட்டினார். மதம், சாதி பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது முதலில் சொல்வது அரசுக்கு. தனியாருக்கும் பொருந்தும் இரண்டாம் உட்பிரிவில் கடை, உணவகம், ஓட்டல், கேளிக்கை இடம், கிணறு, குளம், சாலை எல்லாம் இருக்கின்றன. வாடகை வீடு என்ற சொல் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று விதி வைத்திருந்த வீட்டுவசதி சங்கம் ஒன்றின் வழக்கில், அந்த விதி செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

நம் மாநிலத்துக்கென்று வாடகைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம். ஒப்பந்தத்தை எழுத்தில் போடு, பதிவு செய் என்கிறது. எல்லாம் வாடகைதாரர் ஆனவனுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

எழுதத் தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்றால் மனம் ஆறும். ஆனால் எழுதத் தெரிந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவரை ஒரு பகுதியில் குடியிருக்க விடாமல் தடுப்பது குற்றம் என்கிறது. அதற்கான அபராதம் 100 ரூபாய்க்குக் குறையாமல், 500 ரூபாய்க்கு மிகாமல் என்று இருப்பது வேறு வேதனை. சிறைத்தண்டனையும் ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைதான். 2017-இன் எச்.ஐ.வி. சட்டமும், 2019-இன் திருநர் உரிமைச் சட்டமும் இன்னும் தெளிவு: வீட்டை வாங்கவோ, வாடகைக்கு எடுக்கவோ, குடியிருக்கவோ உள்ள உரிமையை மறுக்கக் கூடாது என்று இரண்டிலும் எழுதியிருக்கிறது. அதே வாசகத்தை மதத்துக்கும், தனியாக வாழும் பெண்ணுக்கும் ஏன் எழுதவில்லை? எல்லாவகைப் பாகுபாட்டுக்குமாகச் சேர்த்து ஒரு தனிநபர் மசோதாவை 2017-இல் மக்களவையில் சசி தரூர் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் வீட்டு விஷயத்தில் இனப் பாகுபாட்டை 1968-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டன.

சொந்த வீட்டை யாருக்கு விடுவது என்பது அவரவர் விருப்பம் என்பார்கள். வாடகைக்கு என்று தெருவைப் பார்த்துப் போர்டு மாட்டிய பிறகு அது வியாபாரம். கடைக்காரர் பெயர் கேட்டுவிட்டு அரிசி இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா?

நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்கிறேன். புதுச் சட்டம்கூட வேண்டாம். அந்த வாடகைச் சட்டத்தில், மதமோ சாதியோ பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று ஒரே ஒரு பிரிவைச் சேருங்கள். வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அதே அதிகாரியிடம் இந்தப் புகாரையும் கொடுக்க வழி செய்யுங்கள்.

இப்போது இருக்கும் வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் நாங்கள் காலி செய்தாக வேண்டும்.