அழற்சி என்னும் பெயரும் ஆயுட் கணக்கும்

மருத்துவம் பயிலும் என் பழைய மாணவி ஒருத்தி அண்மையில் வந்து, "பண்டிதர் ஐயா, அழற்சி மார்பகப் புற்றுநோய் என்று எழுதுகின்றோம், அப்பெயர் பொருந்துமா?" என வினவினாள். அழல் என்பது தீ. சிவப்பும் வெம்மையும் வீக்கமும் உடையது அழற்சி. ஆகவே சொல் பிழையன்று என்றேன். "ஆனால் ஐயா, அந்தச் சிவப்பிற்குக் காரணம் அழற்சியன்றே!" என்றாள். அவள் விளக்கியதும் பின்னர் நான் தேடிப் படித்ததும் சேர்ந்தே இக்கட்டுரையாயின.

மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் கட்டியாகத் தோன்றுவது. இவ்வகையிலோ பலருக்குக் கட்டியே தென்படுவதில்லை. புற்றுக்கலங்கள் தோலிலுள்ள நுண்ணிய நிணநீர்க் குழாய்களை அடைத்துவிட, மார்பு சில கிழமைகளுள் சிவந்து வீங்கித் தோடம்பழத்தோல் போலக் குழிவிழுகின்றது. கண்டார் அதனைப் பாற்கட்டு என்றோ கிருமித் தொற்று என்றோ கொள்வர். மருந்து கொடுத்துக் காத்திருப்பர். காத்திருக்கும் நாள்களெல்லாம் நோய்க்கே ஆக்கமாகும். 1924ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த லீ, தனன்பாம் என்னும் வைத்தியர் இருவர் இந்நோயை விரிவாக வருணித்தனர். இப்பெயரும் அவர்களால் நிலைபெற்றது. கண்ணுக்குத் தோன்றியதைப் பெயராக்கினர். அது குற்றமன்று, எனினும் தோற்றத்தைக் கூறும் பெயர் காரணத்தை மறைத்துவிட்டது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுள் இவ்வகையினர் நூற்றுக்கு 5 பேருக்கு மேற்படார். தொகை சிறிது, துயரோ பெரிது. சத்திர சிகிச்சையை மட்டும் நம்பியிருந்த காலத்தில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 5 பேரினும் குறைவு. 1970களில் முறை மாறிற்று. முதலில் உடலெங்கும் செல்லும் மருந்து, அதன்பின் சத்திர சிகிச்சை, இறுதியிற் கதிர்வீச்சு. வரிசை மாற, விளைவும் மாறிற்று. 1998இல் அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற திரஸ்டுசுமாப் என்னும் மருந்து, ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்த நோயாளருக்குப் புதுத் துணையாயிற்று. அப்புரத மிகுதி ஏனைய வகைகளைவிட இவ்வகையில் அடிக்கடி காணப்படுவது. இன்று அங்கே ஐந்தாண்டைக் கடப்போர் நூற்றுக்கு 40 பேர் அளவினர். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுமுன் கண்டறியப்பட்டோருள் பாதிப்பேர் அளவினர் கடக்கின்றனர். பரவியபின் கண்டறியப்பட்டோருள் ஐவரில் ஒருவர் அளவினரே.

இக்கணக்கை எவ்வாறு பொருள்கொள்வது? நூற்றுக்கு 40 என்பது ஒருத்தியின் விதியை உரைக்கும் சோதிடமன்று. முன்னமே நோயுற்ற பலரின் தொகுப்புக் கணக்கு அது. சில ஆண்டுகளுக்கு முந்திய சிகிச்சையின் பயன். இன்று சிகிச்சை தொடங்கும் ஒருத்திக்கு அது எல்லைக்கல் ஆகாது. அன்றியும், எல்லாரும் ஒரே அளவாய்ப் பயன்பெறவில்லை. அந்நாட்டிலேயே கறுப்பினப் பெண்கள் இந்நோய்க்கு அதிகமாக ஆளாகின்றனர். வெள்ளையினப் பெண்களினும் குறைந்த காலமே உயிர்வாழ்கின்றனர். மருந்து உளதாதல் வேறு. அது உரியவரை உரிய காலத்தில் அடைதல் வேறு.

மாணவியின் வினாவுக்கு என் விடை இதுவே: பெயரை மாற்றவேண்டியதில்லை, பெயரால் மயங்காதிருத்தலே வேண்டும். மார்பு சிவந்து வீங்கி, கொடுத்த மருந்துக்கு ஒரு கிழமை, பத்து நாளில் தணியாவிடின், தோலிற் சிறு துணுக்கெடுத்துச் சோதிக்குமாறு வைத்தியரை வற்புறுத்திக் கேட்டல் நாணத்துக்குரியதன்று. நம் வகுப்பறைகளில் இருக்கும் மாணவியரின் தாயருட் பலர், உடம்பின் துன்பத்தை வீட்டாரிடமும் வாய்திறந்து சொல்லாதவர். அழற்சி என்ற சொல்லுக்கு இனி நான் பொருள் கூறும்போது, தீ என்பதோடு நிறுத்தப்போவதில்லை.