டாக்டர் கேட்காத கேள்வி

இருமலோடு ஒருவர் டாக்டரிடம் போகிறார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிறார். மருந்து எழுதுகிறார். நோயாளியின் சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டு இருக்கிறது. அது டாக்டரின் கண்ணிலும் படுகிறது. ஆனால் அதுபற்றிப் பேச்சே இல்லை. "அடுத்த ஆள்!" என்கிறார்.

இது சரியா?

"சொன்னால் யார் கேட்கிறார்கள்?" என்று டாக்டர்கள் சலித்துக்கொள்வது உண்டு. கேட்கிறார்கள்! அதற்குக் கணக்கே இருக்கிறது.

லண்டனில் மைக்கேல் ரசல் என்ற டாக்டர் இதைச் சோதித்துப் பார்த்தார். முடிவு 1979-ம் ஆண்டில் வெளிவந்தது. 28 டாக்டர்களிடம் வந்த 2 ஆயிரத்துக்கும் அதிகமான புகைபிடிப்போரைப் பல பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரிடம் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பிரிவினரிடம் ஓரிரு நிமிடம் புத்தி சொன்னார். துண்டுப் பிரசுரம் கொடுத்தார். "பிறகு விசாரிப்போம்" என்றும் சொல்லி வைத்தார். புகையை விட்டு, ஓர் ஆண்டு கழித்தும் தொடாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 1,000-க்கு 3 பேர். மற்றதில் 1,000-க்கு 51 பேர்!

நூற்றுக்கு ஐந்துதானே என்று உதட்டைப் பிதுக்கலாம். ஒரு டாக்டர் ஆண்டு முழுவதும் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் உதடு பிதுங்காது.

"செத்துப் போவாய்" என்று மிரட்டுவதில் பயன் இல்லை. மிரண்டவர் அடுத்த முறை வேறு டாக்டரிடம் போய்விடுவார். பிரிட்டிஷ் டாக்டர்களையே 1951 முதல் 50 ஆண்டுகள் கவனித்து எடுத்த கணக்கு ஒன்று உண்டு. தொடர்ந்து புகைத்தவர்களுக்கு ஆயுளில் சுமார் 10 ஆண்டு குறைந்தது. ஆனால் 60 வயதில் விட்டவருக்கும் 3 ஆண்டு மிஞ்சியது. நோயாளியிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சொன்னால் மட்டும் போதாது. விடும் நாளைக் குறிக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிகோட்டின் சூயிங்கம் கொடுத்தால், அதைச் சிறிது மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்கவும் சொல்லித்தர வேண்டும். வெறும் மிட்டாய் போல மென்று துப்பிவிட்டு, "பலன் இல்லை" என்பவர்கள் ஏராளம்!

இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பி வருவார். "கல்யாண வீட்டில் ஒன்று பிடித்துவிட்டேன் அய்யா" என்று தலையைச் சொறிவார். அப்போது டாக்டர் கோபிக்கக் கூடாது. புதிதாக ஒரு நாளைக் குறித்துக் கொடுக்க வேண்டும்.